நோர்த் துரையின் ஏழாண்டுகள்

கொழும்பிலே கொட்டாஞ்சேனைப் பக்கமாகச் செல்வோர் வுல்பெண்டால் மேட்டின்மீது ஓங்கி நிற்கும் ஒல்லாந்தர் தேவாலயத்தைக் காணாமற் செல்லமுடியாது. 1757 ஆம் ஆண்டிலே வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்ட அக்கட்டிடம் தடித்த சுவர்களோடும் சிலுவை வடிவோடும் இன்றும் உறுதியாக நிற்கின்றது. அதனுள்ளே ஒல்லாந்தத் தேசாதிபதிகள் சிலரின் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. கோட்டையிலிருந்த பழைய கோவிலினின்றும் அவை 1813 ஆம் ஆண்டில் அங்கே கொண்டுவரப்பட்டன. அவர்களுள் ஒருவர் யொஹான் ஜெராட் வான் அங்கல்பேக். 1796 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கொழும்புக் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர் அவரே.

கோட்டையைக் கொடுத்த பின்னரும் அங்கல்பேக் கொழும்பைவிட்டுப் போகவில்லை. 1799 இல் இறக்கும்வரை இந்நகரிலேயே வாழ்ந்தார். அதனால் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் கொழும்பிலே இரு தேசாதிபதிகள் இருந்தனர் எனலாம். ஒருவர் எல்லாவற்றையும் இழந்த முதியவர். மற்றவர் எல்லாவற்றையும் அடையவேண்டுமென்ற ஆவலோடு 1798 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12 ஆம் நாள் வந்திறங்கிய முப்பத்திரண்டு வயதினர். அவரே பிரித்தானிய முடியின் சார்பில் இலங்கைக்கு வந்த முதலாவது தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் துரை. தந்தையின் நிழலிலிருந்து விலகித் தன் பெயரை நாட்ட விரும்பிய ஓர் அரசியல்வாதியின் அவா ஒரு தீவின் வரலாற்றிலே என்ன செய்தது என்பதை அவருடைய ஏழாண்டு ஆட்சி தெளிவாகக் காட்டுகின்றது.

நோர்த் யாருடைய மைந்தர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1770 முதல் 1782 வரை பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக இருந்த நோர்த் பிரபுவின் கடைசி மகன் அவர். பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டதும், அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் கிளர்ந்தெழுந்ததும், யோக்ரவுனில் ஆங்கிலப்படை சரணடைந்ததும் அத்தந்தையின் பதவிக் காலத்திலேயே நிகழ்ந்தன. அமெரிக்காவை இழந்த மந்திரி என்ற பழி அவரை விட்டு அகலவில்லை. 1783 இல் தம் நெடுநாளைய எதிரியான சாள்ஸ் பொக்ஸோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் ஆட்சியில் அமர்ந்தார். அந்த ஆட்சியும் ஆண்டு முடிவதற்குள் கவிழ்ந்தது. கவிழ்த்த காரணம் இந்தியா. கிழக்கிந்தியக் கம்பெனி வென்ற நாடுகளை யார் ஆள்வது என்ற வினாவுக்கு விடையாகப் பொக்ஸ் கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. தந்தையைப் பதவியிலிருந்து இறக்கிய அதே வினா பதினைந்து ஆண்டுகளின் பின்னர் கொழும்பிலே மகனுடைய மேசைக்கும் வந்து சேர்ந்தது.

1766 இல் பிறந்த பிரெடெரிக் நலிந்த உடலினர். ஈற்றன் பள்ளியிலும் ஒக்ஸ்போட்டிலும் கற்றார். உடல்நலம் கருதி ஐரோப்பாவின் தென்பகுதிகளிலே நெடுங்காலம் உலாவினார். கிரேக்க மொழியும் கிரேக்கர் நாடும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1791 ஆம் ஆண்டு ஜனவரியில் கோர்பு என்னும் தீவிலே கிரேக்க வைதீகத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் திமித்திரியோஸ் என்ற பெயரையும் ஏற்றார். ஆயினும் இச்செய்தியை வெளியிடவில்லை. அரச பதவி வேண்டுவோர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவராயிருத்தல் வேண்டும் என்பது அக்காலச் சட்டம். உள்ளத்தில் ஒன்றையும் உத்தியோகத்தில் இன்னொன்றையும் வைத்து வாழும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே அமைந்துவிட்டது. பின்னர் கண்டியோடு அவர் நடத்திய பேச்சுக்களைப் படிக்கும்போது இப்பழக்கம் நினைவுக்கு வராமற் போகாது.

1792 இல் தந்தை இறந்தார். மூத்த தமையன் பிரபுக்கள் சபைக்குச் செல்லவே, பான்பரித் தொகுதியின் பாராளுமன்ற ஆசனம் தம்பிக்குக் கிடைத்தது. அத்தொகுதியில் வாக்குரிமை பெற்றோர் 18 பேர் மட்டுமே. அவர்களும் நோர்த் குடும்பத்தின் சொற்படி நடப்பவர்கள். இவ்வாறு பெற்ற ஆசனத்தைவிட்டு 1794 இல் இலண்டன் துறைமுகச் சுங்கத்திலே ஒரு பதவியை ஏற்றார். அதன்பின் கோர்சிக்காத் தீவு ஆங்கிலேயர் வசமிருந்தபோது அங்கே இராசப் பிரதிநிதியின் காரியதரிசியானார். 1796 இல் ஆங்கிலேயர் கோர்சிக்காவைக் கைவிட்டனர். நோர்த்தின் பதவியும் அதனோடு போயிற்று. இரண்டாண்டுகள் கழிந்து, இந்திய அலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்த ஹென்றி டன்டாஸ் என்ற செல்வாக்குமிக்க மந்திரி அவரை இலங்கைக்குத் தேசாதிபதியாக்கினார்.

அவர் வந்த காலத்துக் கொழும்பு இன்றைய கொழும்பன்று. கோட்டையும் அதனையொட்டிய பேட்டையும் வுல்பெண்டால் மேடும் சேர்ந்ததே நகர். இன்று தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தை, நகரின் எல்லைக்கு வெகு தொலைவிலே காலிக்குச் செல்லும் பாதையோரத்தில் கிடந்த தென்னஞ்சோலை. நகரையடுத்து ஒல்லாந்தர் வளர்த்த கறுவாத்தோட்டம் பரந்து கிடந்தது. இந்தக் கறுவாவும் மன்னார்க் கடலின் முத்தும் தவிர வேறு பெருவருமானம் தீவில் இல்லை.

நோர்த் கைப்பற்றிய ஆட்சி அமைதியானதாகவும் இருக்கவில்லை. 1796 இலிருந்து கரையோர மாகாணங்களைக் கம்பெனியார் சென்னையிலிருந்தே ஆண்டனர். வரி மேற்பார்வைக்கு வந்த றொபேட் அண்ட்றூஸ் என்பவர் நாட்டின் பழைய ஒழுங்கை ஒரேயடியாக மாற்றினார். நிலத்துக்கு ஈடாக ஊழியம் செய்யும் இராசகாரிய முறை நீக்கப்பட்டு, விளைச்சலில் ஒரு பங்கு வரியாகக் கேட்கப்பட்டது. தென்னைமரம் ஒவ்வொன்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. முதலியார்கள் ஒதுக்கப்பட்டு, சென்னைக் கரையிலிருந்து வந்த அமில்தார்களும் துபாஷிகளும் வரி தண்டினர். ஊரின் வழக்கமறியாத அவர்களின் கொடுமை பொறுக்காமல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சி 1798 இல் அடங்கியபோது, வணிகர் கையில் நாட்டை விட்டுவைத்தல் ஆகாது என்ற எண்ணம் இலண்டனில் வலுத்தது. அதன் விளைவே நோர்த்தின் நியமனம். ஆயினும் கம்பெனியை முற்றாக நீக்கத் துணியாமல், முடிக்கும் கம்பெனிக்கும் பொதுவான இரட்டை ஆட்சியை ஏற்படுத்தினர். நோர்த்தை நியமித்தவர் அரசர். அவருக்குக் கட்டளையிடுவோர் கம்பெனியார். அவர்கீழ் வேலை செய்வோர் சென்னை உத்தியோகத்தர்.

அந்தச் சென்னை உத்தியோகத்தரோடு நோர்த் ஓயாது மோதினார். குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக வந்த ஹியூ கிளெகோர்னோடும் அவருக்கு ஒத்துவரவில்லை. கிளெகோர்ன் சாதாரண மனிதரல்லர். சென் அன்ட்றூஸ் சர்வகலாசாலையிலே பேராசிரியராயிருந்த அவர், 1795 இல் சுவிற்சர்லாந்து சென்று டி மியூறன் பிரபுவைக் கண்டு, கொழும்பில் ஒல்லாந்தருக்கு ஊழியம் செய்த அப்பிரபுவின் கூலிப்படையை ஆங்கிலேயர் பக்கம் திருப்பியவர். கொழும்பு எளிதில் வீழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அத்தகையவரும் முத்துக்குளிப்பு நிர்வாகத்தையொட்டி எழுந்த பூசலின் பின் 1800 இல் பதவி துறந்து ஊர் திரும்பினார். நோர்த் நண்பரிடத்துத் தாராளமும் மாறுபட்டோரிடத்து ஐயமும் உடையவர் என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்திற்று. 1802 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இரட்டை ஆட்சி ஒழிந்து, கரையோர இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் அமியென் உடன்படிக்கை ஒல்லாந்தர் உரிமையையும் பிரித்தானியருக்கு உறுதியாக்கியது.

நோர்த் செய்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. சித்திரவதையையும் கொடூரமான தண்டனை முறைகளையும் 1799 இல் ஒழித்தார். 1800 இல் நில அளவைத் திணைக்களம் தோன்றியது. 1801 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தின்படி உயர்நீதிமன்றம் அமைந்தது. 1802 மார்ச் 15 ஆம் நாள் அரசாங்க வர்த்தமானியின் முதல் இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் அம்மைப்பால் குத்தும் முறை இத்தீவுக்கு வந்து, ஊர்களை அழித்துவந்த பெரியம்மையை எதிர்க்க வழிபிறந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கோயிற்பற்றுப் பாடசாலைகள் பாழடைந்து கிடந்தன. அவற்றுக்கு மீண்டும் ஆசிரியர் நியமித்துச் சம்பளம் கொடுத்தார். ஜேம்ஸ் கோடினர் என்ற குருவானவரைப் பாடசாலைகளுக்குத் தலைவராக்கினார். கொழும்பில் ஒரு கலாசாலையும் நிறுவினார். தலையாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலங் கற்று அரசாங்கத்துக்கு உதவவேண்டும் என்பதே அவர் நோக்கமாயினும், கல்வியை அரசின் கடமையெனக் கொண்ட முதல் ஆங்கிலத் தேசாதிபதி அவரே.

ஆனால் இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். முதலிரண்டு மூன்று ஆண்டுகளிலே கம்பெனியாருக்கு வாரிவழங்கிய முத்துச்சலாபம் நோர்த்தின் காலத்தில் அவ்வாறு கைகொடுக்கவில்லை. சிப்பி முதிர்வதற்கு முன்னரே ஆண்டுதோறும் குளித்தால் கடல் எத்தனை நாள் கொடுக்கும்? 1800 இல் நகை அணிவோர்மீது ஒரு வரி விதித்தார். தாலியும் காதணியும் அணிந்த ஏழை மக்களிடையே அது பெரும் வெறுப்பை விளைத்ததேயன்றி, எதிர்பார்த்த பணத்தைத் தரவில்லை. கறுவாவின் இலாபமோ பெரும்பாலும் கம்பெனியைச் சேர்ந்தது. 1803 இல் இலண்டன் அரசாங்கம் பாடசாலைகளுக்கான செலவைக் குறைக்கும்படி கட்டளையிட்டது. கோயிற்பற்றுப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றனர். எழுப்பிய வீட்டின் கூரையைத் தன் கண்முன்னே பிரித்தெறியக் கண்டார் நோர்த்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரைச் செலவாளியான நல்லாட்சியாளர் என்று வரலாறு எழுதியிருக்கும். அவருடைய அவா மலைநாட்டை நோக்கிற்று.

அப்பொழுது இந்தியாவிலே மகாதேசாதிபதியாக இருந்தவர் வெல்லெஸ்லி பிரபு. 1799 மே மாதம் சீரங்கபட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டான். மன்னர்களைச் சிம்மாசனத்திலே வைத்துக்கொண்டு, அவர்கள் தலைநகரிலே ஆங்கிலப் படையை நிறுத்தி, அதற்குரிய செலவையும் அவர்களிடமே பெறும் முறையை வெல்லெஸ்லி பரப்பினார். ஐதராபாத்தில் முடிந்தது கண்டியில் முடியாதா என்று நோர்த் எண்ணினார். கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் பாதை கண்டி நாட்டினூடாகச் செல்லவேண்டும் என்ற விருப்பமும் அவருக்கிருந்தது.

கண்டியின் நிலைமையும் அவர் ஆசைக்குத் தூபமிட்டது. 1739 முதல் அங்கே ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண்ணெடுத்த உறவால் அரசுரிமை பெற்ற நாயக்கர்கள். இராஜாதி இராஜசிங்கன் 1798 இல் மைந்தனின்றி இறந்தான். முதல் அதிகாரமாகிய பிலிமத்தலாவை, அரசியின் தமக்கை மகனாகிய கண்ணுச்சாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்ற பெயரோடு முடிசூட்டினான். அரசியின் உடன்பிறந்தவனாகிய முத்துச்சாமிக்கும் உரிமையிருந்தது. அவன் உயிர்தப்பிக் கரையோரத்துக்கு ஓடிவந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். பிலிமத்தலாவை இளைஞனைத் தேர்ந்தெடுத்தது அன்பினாலன்று. துணையற்ற பிள்ளையை முதலில் ஏற்றி, வேளை வந்தபோது இறக்கிவிட்டு, சிங்களப் பிரபுவாகிய தானே அரியணை ஏறவேண்டும் என்பதே அவன் உள்ளக்கிடக்கை.

இவ்வாறு அவா மிக்க இருவர் 1799 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவிசாவளையிற் சந்தித்தனர். அதன் பின்னரும் சந்திப்புக்கள் நிகழ்ந்தன. அரசனைக் கொன்றுவிட்டுத் தான் ஆட்சியைப் பெறவும், ஆங்கிலேயர் மேலாண்மை பெறவும் ஒப்பினால் என்னவென்று அதிகாரம் வினவினான். கொலைக்கு உடன்படேன் என்றார் நோர்த். ஆனால் பேச்சை நிறுத்தினாரா? இல்லை. அரசன் உயிரோடும் பட்டத்தோடும் ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருக்கட்டும், அதிகாரம் ஆட்சி நடத்தட்டும், கண்டியில் ஆங்கிலப் படை தங்கட்டும் என்று மாற்றுத் திட்டம் கூறினார். தம்மோடு சமாதானத்திலிருந்த ஓர் அரசனின் மந்திரியோடு அவ்வரசனறியாமல் செய்த பேச்சு இது. நோர்த் தம் மனச்சாட்சியைக் கொலையென்ற ஒரு சொல்லுக்கு முன்னே காவல் நிறுத்தினார். துரோகமென்ற மற்றச் சொல் காவலின்றி உட்புகுந்தது.

1800 ஆம் ஆண்டில் மேஜர் ஜெனரல் மக்டவல் தூதுவராகக் கண்டிக்கு அனுப்பப்பட்டார். தூதுக்குழுவோடு சென்றது ஆயிரத்துக்கு மேற்பட்ட படை. தூதா, போரா என்று கண்டியார் ஐயுற்றதில் வியப்பில்லை. மலைப்பாதையும் மழையும் அப்படையின் பெரும்பகுதியை வழியிலேயே நிறுத்தின. சிறு தொகையினரோடு கண்டியடைந்த மக்டவல் வெறுங்கையோடு திரும்பினார். சினங்கொள்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது 1802 இல் கிடைத்தது. புத்தளத்து வணிகர்கள் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கை அங்குள்ள தலைவர்கள் பறித்துக்கொண்டனர். ஈட்டுத்தொகை கேட்டு நோர்த் எழுதினார், மறுமொழி இழுபட்டது. பாக்கு மூட்டைகளின்பேரிலே போர் தொடங்கிற்று.

1803 ஜனவரி 31 இல் மக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். சில நாட்களில் கேணல் பாபற் திருகோணமலையிலிருந்து புறப்பட்டார். இரு படையும் சேர்ந்து மூவாயிரம் பேர்வரை இருக்கும். பெப்ரவரி மூன்றாம் வாரத்தின் முடிவிலே கண்டியை அடைந்தபோது அவர்களை எதிர்த்து நிற்க அங்கே ஒருவருமில்லை, மக்களுமில்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசனும் குடிகளும் காட்டுக்குள் மறைந்துவிட்டனர். கண்டியரின் போர்முறை அதுவே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதே வெறுமையான நகருக்குள் புகுந்து, அதே காட்டிலே அழிந்திருந்தனர். அந்தப் பாடம் கொழும்பிலிருந்த ஏடுகளிலெல்லாம் எழுதப்பட்டிருந்தது.

மார்ச் மாதத்தில் முத்துச்சாமியைக் கொண்டுவந்து கண்டியிலே அரசனாக்கினர். ஏழு கோறளையையும் திருகோணமலைப் பாதைக்கு வேண்டிய நிலத்தையும் அவன் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தான். ஆனால் அவனைக் காண ஒரு பிரதானியும் வரவில்லை. ஒரு குடியானவனும் காணிக்கை கொண்டுவரவில்லை. வெளிநாட்டார் துப்பாக்கிகள் சூழ, ஆளில்லாத நகரிலே வெறும் பட்டத்தோடு வீற்றிருந்தான் அந்தத் தமிழிளவரசன். அவனுக்கும் ஆசையிருந்தது, ஆனால் அந்த ஆசையை ஆட்டிவைத்த கயிறு கொழும்பிலிருந்தது.

மழை தொடங்கியது. காட்டுக் காய்ச்சல் படைக்குள் புகுந்தது. உணவு வரும் வழிகள் அடைபட்டன. மே மாதம் 3 ஆம் நாள் தம்பதெனியாவிலே நோர்த்தும் பிலிமத்தலாவையும் மீண்டும் சந்தித்து ஓர் உடன்பாடு செய்தனர். ஸ்ரீ விக்கிரமன் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்படுவான். பிலிமத்தலாவை பெரிய இளவரசன் என்ற பட்டத்தோடு கண்டியை ஆள்வான். முத்துச்சாமி யாழ்ப்பாணத்திலே சம்பளம் பெற்று வாழ்வான் என்பது அதன் சாரம். இரண்டு மாதங்களுக்கு முன் தாமே முடிசூட்டியவனை இவ்வளவு எளிதாகக் கைவிட நோர்த் இசைந்தார். அதிகாரத்தின் சொல்லை நம்பி, படையின் பெரும்பகுதி கண்டியிலிருந்து விலகியது. பாபற் காய்ச்சலால் இறந்தார். மக்டவலும் நோயுற்றுக் கொழும்பு திரும்பினார். மேஜர் டேவி என்பவரின் கீழ்ச் சிறுபடை மட்டும் எஞ்சியது. அதிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் எழமுடியாத நோயாளர்.

ஜூன் 24 ஆம் நாள் கண்டியர் தாக்கினர். டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போக அனுமதி கிடைத்ததென்று நம்பி, நோயாளரை விட்டுவிட்டு, முத்துச்சாமியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வத்தப்பளுவையில் மகாவலிகங்கை வெள்ளங்கொண்டு ஓடியது. ஓடமில்லை, பாலமில்லை. கரையிலே தங்கியவர்களைக் கண்டியர் சூழ்ந்தனர். முத்துச்சாமியைக் கொடுத்தால் வழிவிடுவோம் என்றனர். முதலில் மறுத்த டேவி இறுதியில் கொடுத்தார். அடைக்கலம் என்று வந்தவன் பகைவனிடம் ஒப்படைக்கப்பட்டு, அரசன்முன் நிறுத்தப்பட்டுக் கொலையுண்டான். ஆயினும் வழி திறக்கவில்லை. ஆயுதங்களைக் கீழே வைத்த வெள்ளையர் கொல்லப்பட்டனர். கண்டியில் விடப்பட்ட நோயாளரும் படுக்கையிலேயே மாண்டனர். மலாயர் படையின் தலைவர்களுள் ஒருவனாகிய நூர்தீன், கண்டியரசனுக்கு ஊழியஞ்செய்ய மறுத்து உயிர்கொடுத்தான். அவனுடைய சொல்லுறுதியை அன்று கொழும்பிலிருந்த மேலதிகாரிகள் காட்டியிருந்தால் இவ்வளவு நேர்ந்திராது. டேவி பல ஆண்டு சிறையிருந்து, மீட்கப்படாமலே கண்டி நாட்டில் இறந்தார்.

செய்தி கொழும்பை எட்டியபோது நகர் கலங்கியது. கண்டியர் கரையோரத்தின்மீது பாய்ந்தனர். செப்டெம்பரில் அரசனே படையோடு கொழும்பிலிருந்து இருபது மைல் வரையுள்ள ஹங்வெல்லைக்கு வந்தான். அங்கே தோல்வியுற்றுத் திரும்பினான். உதவிப்படை கேட்டு நோர்த் எழுதிய கடிதங்களுக்குப் பயன் கிட்டவில்லை. ஐரோப்பாவிலே பிரெஞ்சுக்காரரோடு மீண்டும் போர் மூண்டிருந்தது. இந்தியாவிலே மராட்டியரோடு போர். அதனால் 1804 இல் ஆங்கிலேயர் கண்டியின் எல்லைக் கிராமங்களுக்குள் சிறு சிறு படைகளாகப் புகுந்து, வீடுகளை எரித்தும் நெல்லை அழித்தும் கமுகுகளை வெட்டியும் பழிதீர்த்தனர். மந்திரிமாரின் பேச்சிலும் உடன்படிக்கைத் தாள்களிலும் பெயர்கூட இடம்பெறாத உழவனே அந்தப் பழியைச் சுமந்தான். அவ்வாண்டு கப்டன் ஜோன்ஸ்ரன் முந்நூறு பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்று, சில நாள் தங்கி, காட்டுவழியே போராடித் திருகோணமலையை அடைந்தார். அச்செயல் வீரத்துக்குச் சான்றாயிற்று, வெற்றிக்கன்று.

1805 ஜூலையில் சேர் தோமஸ் மெயிற்லண்ட் புதிய தேசாதிபதியாக வந்தார். கடுமையும் சிக்கனமும் மிக்க அந்தப் படைவீரர் நோர்த்தின் கணக்குகளைக் கண்டு முகஞ்சுளித்தார். கண்டியோடு எழுத்தில் உடன்படிக்கை எதுவுமின்றியே போரை ஓயவிட்டார். நோர்த் மௌனமாகக் கப்பலேறினார். தந்தை பெரிய கண்டத்தில் இழந்ததை மகன் சிறிய தீவில் ஈட்டுவார் என்று எவரேனும் எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பு வத்தப்பளுவை ஆற்றங்கரையிலே முடிந்துபோயிற்று.

மற்ற இருவருடைய ஆசைகளும் நல்ல முடிவைக் காணவில்லை. பிலிமத்தலாவை தான் ஏற்றிய அரசனுக்கெதிராக மீண்டும் சூழ்ச்சி செய்து 1811 இல் கொல்லப்பட்டான். ஸ்ரீ விக்கிரமனை 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் சிறைப்பிடித்தனர். மார்ச் 2 ஆம் நாள் பிரதானிகளோடு செய்த உடன்படிக்கையால் கண்டியரசு முடிவுற்றது. வேலூர்க் கோட்டையிலே சிறையிருந்து 1832 இல் அவன் இறந்தான். நோர்த் படையால் பெறமுடியாததை, கண்டிப் பிரபுக்களின் உட்பகை பன்னிரண்டாண்டுகளின் பின்னர் ஆங்கிலேயருக்குப் பெற்றுக்கொடுத்தது. அந்தப் பேச்சுக்களை நடத்திய ஜோன் டொயிலி, நோர்த்தின் காலத்திலே இளம் உத்தியோகத்தராக வந்து சிங்களம் கற்றவர் என்பதும் கருதத்தக்கது. நாட்டார் மொழியைக் கற்கும்படி நோர்த் இளைஞரை ஊக்கியது அவருடைய படையெடுப்பைவிட அதிகப் பயன் விளைத்தது.

நோர்த்தின் பிற்கால வாழ்வோ வியப்புக்குரியது. தமையன்மார் இறக்கவே 1817 இல் கில்போட் பிரபுவானார். அரசியலை விட்டு, இளமையில் நேசித்த கிரேக்கத்துக்கே மீண்டார். அயோனியத் தீவுகள் அப்பொழுது பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தன. கோர்புவில் கிரேக்க இளைஞருக்கு ஒரு சர்வகலாசாலை அமைக்க முயன்றார். அங்கே உயர் ஆணையாளராக அதிகாரஞ் செலுத்தியவர் யார்? கொழும்பிலே அவருக்குப் பின்வந்த அதே மெயிற்லண்ட்! அவர் இருந்தவரை காரியம் முன்னேறவில்லை. மெயிற்லண்ட் 1824 இல் இறந்தார். அவ்வாண்டிலேயே சர்வகலாசாலை திறக்கப்பட்டது. கிரேக்க மண்ணிலே தற்காலத்தில் எழுந்த முதல் சர்வகலாசாலை அது. மாணவரும் ஆசிரியரும் பண்டைக் கிரேக்க உடையணிந்தனர்; பிரபுவும் அவ்வாறே அணிந்து உலாவினார். இலண்டனில் நகைத்தவர் பலர். கோர்புவில் அவரைத் தந்தையெனக் கொண்டாடியோரும் பலர். 1827 ஒக்டோபர் 14 ஆம் நாள் இலண்டனில் இறந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த சமயத்தின் திருவருட்சாதனத்தை மரணப்படுக்கையிலே பெற்றுக்கொண்டார்.

ஆகவே இருவேறு மனிதர் ஓருடலில் வாழ்ந்தனரோ என்று தோன்றும். கோர்புவில் கல்விக்காகக் கைப்பொருளைச் செலவிட்டவரும் கொழும்பிலே பாடசாலைகளுக்காக இலண்டனோடு வழக்காடியவரும் ஒரே மனிதர். ஆனால் பாடசாலை வளர ஒரு தலைமுறை வேண்டும். தேசாதிபதியின் பதவிக்காலமோ சில ஆண்டுகள். விரைவில் பெயர் தரக்கூடியது கண்டி என்று அவர் நினைத்தார். தமக்கு இயல்பான பணியை விட்டு, தந்தையின் பழியைத் துடைக்கக்கூடிய பணியைத் தேடினார். அங்கே வழிகாட்டியாகக் கிடைத்தவன் தன் அரசனையே விற்கத் துணிந்த ஒருவன். தன் தலைவனுக்கு உண்மையில்லாதவன் அயலானுக்கு உண்மையாயிருப்பானோ என்ற எளிய வினாவை ஒக்ஸ்போட்டில் படித்தவர் தம்மைத்தாமே கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று கல்லாதவரும் சொல்லுவர்.

மன்னார்ப் பகுதியிலே அரிப்புக் கடற்கரையில் ஒரு பாழடைந்த மாளிகை நிற்கின்றது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்போது தங்குவதற்காக, கிரேக்கரின் டோரிக் முறையிலே தூண்கள் நிறுத்தி, நோர்த் தாமே திட்டமிட்டுக் கட்டுவித்த மாளிகை அது. இத்தீவில் அவருடைய உள்ளம் முழுவதையும் காட்டும் கட்டிடம் அதுவொன்றே. கடல் கரையை அரித்து அரித்து அதன் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. அவ்வூர்த் தமிழ் மக்கள் அதனைக் கட்டியவர் பெயரால் அழைப்பதில்லை. கதைகளில் வரும் அல்லியரசாணிக்கு அதனை உரியதாக்கி, அல்லிராணி கோட்டை என்றே வழங்குகின்றனர். பெயரை நாட்ட விரும்பிவந்த பிரதம மந்திரியின் மைந்தரை அந்தக் கரை மறந்துவிட்டது. அவரால் அரசனாகி, அவருடைய அதிகாரியால் பகைவர் கையிற் கொடுக்கப்பட்ட முத்துச்சாமிக்கோ அவ்வாறு சிதைவதற்குரிய ஒரு கல்லேனும் எங்கும் நாட்டப்படவில்லை.